கனடா பி.ஆர். கைவிட்டுப் போகாமல் இருக்க: 730 நாள் எண்ணுவது முதல் அட்டை புதுப்பிப்பது வரை

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுவரை பல பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) அட்டை விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றன. முதலில் அம்மாவுடையது, பிறகு மாமா மாமியுடையது, அதன்பின் அக்கம்பக்கத்தார், வேலையிடத்து நண்பர்கள். எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். முதலில் பயணச்சீட்டு வாங்குகிறார்கள், அடுத்து விண்ணப்பம் போடுகிறார்கள், கடைசியில் நாள் எண்ணுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. விண்ணப்பம் போட்ட கணத்திலிருந்து உங்கள் கணக்கை அதிகாரி பார்க்கிறார். அவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விதி சின்னது: ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. துண்டு துண்டாக இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். இடறுவதெல்லாம் எந்த ஐந்து வருடம், எது ஒரு நாள், யாருடைய நாள் என்ற மூன்று இடங்களில்தான்.

1. எந்த ஐந்து வருடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பி.ஆர். அட்டையில் அச்சிட்டிருக்கும் ஐந்து வருடத்துக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் அட்டையைத்தான் என்னிடம் நீட்டுகிறார்கள். அட்டை காலாவதியானால் வதிவுரிமை போய்விடாது. அட்டை செல்லுபடியாக இருப்பதால் வதிவுரிமை பத்திரமாக இருக்கிறது என்றும் ஆகாது. அட்டை ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

நீங்கள் பி.ஆர். ஆகி ஐந்து வருடம் கடந்துவிட்டதா? அப்படியானால் உங்களை யார் எந்த நாளில் பரிசோதிக்கிறாரோ அந்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம். அட்டைக்கு விண்ணப்பித்தால் விண்ணப்பத் திகதியிலிருந்து. விமான நிலையத்தில் கேட்டால் அன்றிலிருந்து. இந்தச் சாளரம் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் நகர்கிறது. இன்று சேரும் நாள் முன்பக்கம் வருகிறது, ஐந்து வருடம் பழைய நாள் பின்பக்கம் விழுகிறது. அதனால்தான் போன மாதம் சரியாக இருந்த கணக்கு இந்த மாதம் குறைவாக வரக்கூடும்.

இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லையா? அப்படியானால் பி.ஆர். ஆன நாளிலிருந்து முன்னோக்கி ஐந்து வருடம். அந்த ஐந்தாவது வருடம் முடிவதற்குள் 730 நாள் சேர்க்க முடியுமா என்பதே கேள்வி. இன்றைய தேதியில் நூறு நாள்தான் இருந்திருக்கிறீர்கள் என்றாலும், மிச்சமிருக்கும் காலம் போதுமானால் நீங்கள் விதியை மீறவில்லை.

பி.ஆர். ஆவதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இங்கிருந்த நாட்கள் இதில் சேராது. குடியுரிமை விண்ணப்பத்தில் அந்த நாட்களுக்கு அரை மதிப்பு உண்டு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு குழப்பம்: "ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும்" என்பது. அது கிரீன் கார்டைச் சுற்றிய பேச்சு, அங்கேயும் பாதிதான் உண்மை. கனடாவில் தலையைக் காட்டினால் அந்த ஒரு நாள்தான் கணக்கில் ஏறும்.

2. எண்ணத் தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

நினைவிலிருந்து எண்ணாதீர்கள். "தைப்பொங்கலுக்கு முன் போனேன், சித்திரை முடிய வந்தேன்" என்பதை வைத்துக்கொண்டு படிவம் நிரப்ப முடியாது.

ஐந்து வருடத்துக்குள் பயன்படுத்திய எல்லாக் கடவுச்சீட்டுகளும் வேண்டும். பழையது, இரத்து முத்திரை குத்தியது, மூலை வெட்டியது எல்லாமும்தான். கடவுச்சீட்டு புதுப்பித்தவுடன் பழையதை எறிந்துவிட்டவர்களுக்கு நான் சொல்லும் ஆறுதல் எதுவும் இல்லை. அடுத்துச் சொல்லப்போகும் எல்லைப் பதிவு மட்டும்தான் துணை.

அந்தப் பதிவு எல்லைச் சேவைகள் முகவரகத்திடம் இருக்கிறது. நீங்கள் கனடாவுக்குள் நுழைந்த ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகியிருக்கும். 2019 ஜூலை முதல் தரைவழியாகவும் 2020 ஜூன் முதல் விமானம் வழியாகவும் வெளியேறிய விவரங்களும் சேர்க்கப்படுகின்றன. உங்களைப் பற்றிய தகவல் என்பதால் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் இணையத்தில் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். சில வேளை இழுபடும். ஆகவே இதுவே நீங்கள் செய்யும் முதல் வேலையாக இருக்கட்டும். பதில் வரும்வரை மற்றவற்றைச் சேகரியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதிகாரி பார்க்கப்போவதும் இதே பதிவைத்தான். அவர் திரையில் ஒரு திகதியும் உங்கள் படிவத்தில் வேறொரு திகதியும் இருந்தால் கேள்வி வரும், கோப்பு தாமதமாகும்.

விமானச்சீட்டு மின்னஞ்சல்கள், வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள், சம்பளச் சிட்டைகள், வங்கிக் கூற்றுகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

3. பயணப் பட்டியல்: திகதிகள் பிழைக்கும் இடம்

நான்கு நிரல் போதும்: கனடாவை விட்ட நாள், திரும்பிய நாள், போன நாடு, காரணம். பழையதிலிருந்து புதியது நோக்கி எழுதுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, கொழும்பு முத்திரையை நம்பிக் கனடாவை விட்ட நாளை எழுதுவது. கனடா வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை. அதனால் எல்லோரும் கட்டுநாயக்கவில் குத்திய வருகை முத்திரையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். நீங்கள் ரொறன்ரோவில் விமானம் ஏறியது அதற்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முந்தி. கணக்குக்கு வேண்டியது கனடாவை விட்ட நாளும் கனடாவில் இறங்கிய நாளும் மட்டுமே. இடையில் டுபாயில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது யாருக்கும் தேவையில்லை. பயணச்சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு, 05/04 என்பது ஏப்ரல் 5 ஆ, மே 4 ஆ? ஊரில் நாளை முதலில் எழுதுவோம். கனடாப் படிவங்கள் வருடம், மாதம், நாள் என்று கேட்கும். என் மாமாவின் பட்டியலில் இப்படி ஒரே ஒரு வரி புரண்டதால் 29 நாள் மாயமாகிவிட்டது. மாதத்தை எழுத்தில் எழுதி முடித்த பிறகு இலக்கமாக மாற்றுங்கள்.

மூன்று, சின்னப் பயணங்களை விடுவது. பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போய்வந்தது, நயாகராவில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தது. இவற்றால் நாள் எதுவும் குறையாது, அடுத்த படியில் தெரியும். ஆனால் எல்லைப் பதிவில் அவை இருக்கும். பட்டியலில் இல்லாவிட்டால் மற்ற வரிகளையும் சந்தேகிக்க வைப்பீர்கள்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் இப்போது இயந்திரத்தில் முகத்தைக் காட்டிவிட்டு வருவதால் பலரின் கடவுச்சீட்டில் கனடா வருகை முத்திரையே இருப்பதில்லை. முத்திரை இல்லையே என்று பதறவேண்டாம். வேண்டுமென்றால் அதிகாரியிடம் கேட்டு வாங்கலாம், நான் அம்மாவுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

4. எண்ணும் முறை

கனடாவில் ஒரு நாளின் ஒரு பகுதி இருந்தாலும் அது முழு நாள். ஆகவே புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களே. இரண்டுக்கும் இடையில் உள்ள நாட்கள்தான் இல்லாத நாட்கள். ஜனவரி 10 புறப்பட்டு ஜனவரி 20 திரும்பினால் இல்லாத நாள் 9. சனிக்கிழமை பஃபலோ போய் ஞாயிறு திரும்பினால் இல்லாத நாள் பூச்சியம்.

இருந்த நாட்களை எண்ணாதீர்கள், இல்லாத நாட்களை எண்ணிக் கழியுங்கள். பயணங்கள் நாலைந்துதான் இருக்கும். பிழை விட இடம் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தாயார் 2025 ஒக்டோபர் 15 அன்று அட்டைக்கு விண்ணப்பிக்கிறார். சாளரம் 2020 ஒக்டோபர் 15 முதல் 2025 ஒக்டோபர் 14 வரை. 2024 லீப் வருடம் என்பதால் மொத்தம் 1,826 நாள்.

- 2021 நவம்பர் 20 புறப்பட்டு 2022 மே 8 திரும்பினார்: 168 நாள் இல்லை
- 2023 ஜனவரி 5 புறப்பட்டு 2024 பெப்ரவரி 11 திரும்பினார்: 401 நாள் இல்லை
- 2024 செப்டெம்பர் 1 புறப்பட்டு 2025 ஜூலை 20 திரும்பினார்: 321 நாள் இல்லை

இல்லாதது மொத்தம் 890. இருந்தது 936. தேவை 730. கையில் 206 நாள் மிச்சம்.

இந்த 206 ஐப் பார்த்து "இன்னும் ஆறு மாதம் ஊரில் நிற்கலாம்" என்று உடனே முடிவெடுக்கக்கூடாது. அவர் ஊரில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சாளரத்தின் பின்பக்கத்திலிருந்து 2020, 2021 ஆம் வருட நாட்கள் விழுகின்றன. அவை அவர் கனடாவில் இருந்த நாட்கள். புதிதாக ஒன்றும் சேராமல் பழையது ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். அதனால் பயணம் திட்டமிடும்போது புறப்படும் நாளுக்கு எண்ணாதீர்கள், திரும்பப்போகும் நாளை வைத்து எண்ணுங்கள். நான் அதற்கு மேல் 60 நாள் இடைவெளி விட்டுக்கொள்கிறேன். யாராவது நோயில் விழுந்தால் அறுபது நாள் என்பது ஒன்றுமே இல்லை என்று அனுபவத்தில் கண்டவன்.

5. புதிதாக வந்தவர்கள்: திரும்பவேண்டிய கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

வந்து இறங்கி, வங்கிக் கணக்கு திறந்து, மூன்று கிழமையில் ஊருக்கோ வளைகுடாவுக்கோ திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். வேலையை விட மனமில்லை, வீடு விற்கவேண்டும், பிள்ளையின் பரீட்சை முடியவேண்டும். அதில் தப்பில்லை. தப்பு, "மூன்று வருடம் நேரம் இருக்கிறது" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு போவது.

கணக்கு இப்படி. ஒருவர் 2022 ஓகஸ்ட் 20 அன்று பி.ஆர். ஆகிறார். செப்டெம்பர் 10 வரை இருந்துவிட்டுப் போகிறார். 22 நாள் சேர்ந்தது. இன்னும் 708 தேவை. ஐந்து வருடம் 2027 ஓகஸ்ட் 19 அன்று முடிகிறது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி 708 நாள் எண்ணினால் 2025 செப்டெம்பர் 11. அதுதான் அவர் கனடாவில் கால் வைக்கவேண்டிய கடைசி நாள். அதற்குப் பிறகு ஒரு முழுநாள்கூட வெளிநாட்டில் நிற்க முடியாது என்ற கணக்கும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இந்த நாளைக் கனடாவை விட்டுப் போகும் முன்பே கணக்கிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்வேன். போன பிறகு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

6. வெளிநாட்டில் இருந்தும் எண்ணப்படும் நாட்கள்

இங்கேதான் மிகப் பெரிய நம்பிக்கைகளும் மிகப் பெரிய ஏமாற்றங்களும் நடக்கின்றன. சட்டம் அனுமதிக்கும் வழிகள் சில மட்டுமே.

*கனடியக் குடிமகனான கணவன் அல்லது மனைவியுடன் வெளிநாட்டில் வாழ்வது.* அவருடன் சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறும். பொதுச்சட்டத் துணைக்கும் (திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை) இது பொருந்தும். "சேர்ந்து" என்பதே உயிர்ச்சொல். கணவர் ரொறன்ரோவில், மனைவி யாழ்ப்பாணத்தில் என்றால் இல்லை. திருமணச் சான்று, அவரது கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்று, இருவர் பெயரிலும் உள்ள வீட்டு ஒப்பந்தம் அல்லது கட்டணப் பற்றுச்சீட்டுகள் வேண்டும். யார் யாருடன் போனார் என்ற கேள்வியும் எழலாம். ஒன்றாகப் புறப்பட்டதைக் காட்டும் பயணச்சீட்டு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

*பிள்ளை, கனடியக் குடிமகனான தாய் அல்லது தந்தையுடன் வாழ்வது.* பிள்ளை 22 வயதுக்குக் குறைந்தவராகவும் திருமணம் ஆகாதவராகவும், துணையுடன் வாழாதவராகவும் இருக்கவேண்டும்.

இதன் மறுபக்கம் செல்லாது என்பதை உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே பிறந்த குழந்தை குடிமகன். பெற்றோர் பி.ஆர். அவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், குழந்தையின் குடியுரிமை பெற்றோரின் நாட்களைக் காப்பாற்றாது. அதேபோல வளர்ந்த மகன் குடிமகனாகி வெளிநாட்டில் வேலை செய்கிறான், பி.ஆர். உள்ள தாய் அவனுடன் போய் இருக்கிறாள் என்றால் அந்த நாட்களும் சேராது. இதை நம்பி மூன்று வருடம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்த ஒரு மாமிக்கு நான்தான் கெட்ட செய்தியைச் சொல்லவேண்டி வந்தது.

*கனடிய நிறுவனத்தின் முழுநேர ஊழியராக வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படுவது.* அனுப்பப்படுவது என்பதை அடிக்கோடிடுங்கள். கனடாவில் உண்மையாக இயங்கும் நிறுவனம், அல்லது மத்திய, மாகாண அரசுப் பணி, உங்களை வெளிநாட்டில் உள்ள ஒரு பணியிடத்துக்கு நியமித்திருக்கவேண்டும். முதலாளியிடம் "நான் கொழும்பிலிருந்து மடிக்கணினியில் வேலை செய்கிறேன்" என்று கேட்டுச் சம்மதம் வாங்கியது நியமனம் ஆகாது. ஒப்பந்தக்காரராகப் பற்றுச்சீட்டு அனுப்பிச் சம்பாதிப்பதும் ஆகாது. நாள் சேர்ப்பதற்கென்றே மச்சான் பெயரில் பதிந்த நிறுவனத்தைச் சட்டமே பெயர் சொல்லாமல் சுட்டி விலக்கிவிட்டது. இப்படி அனுப்பப்பட்ட பி.ஆர். ஒருவருடன் செல்லும் கணவன், மனைவி, பிள்ளைகளின் நாட்களும் எண்ணப்படும்.

கனடாவில் வரி கட்டுவது, வீடு வைத்திருப்பது, கார் காப்புறுதி கட்டுவது, பிள்ளை இங்கே படிப்பது: எதுவும் ஒரு நாளைக்கூடச் சேர்க்காது. ஆதாரமாக உதவும். நாளாக உதவாது.

7. நாள் போதுமென்றால்: அட்டையைப் புதுப்பித்தல்

அட்டை முடிய ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கலாம். படிவம் ஐ.எம்.எம். 5444, கட்டணம் 50 டொலர். இணையவாசல் வழியாகவே அனுப்பலாம்.

விண்ணப்பிக்கும்போது நீங்கள் கனடாவில் இருக்கவேண்டும். அட்டை கனடா முகவரிக்கு மட்டுமே வரும். மகனிடம் படிவத்தைக் கொடுத்து "நீ போடு, நான் ஊரில் நிற்கிறேன்" என்பது வேலைக்காகாது. எல்லைப் பதிவில் நீங்கள் வெளியே இருப்பது தெரியும்.

ஆகவே நல்ல வரிசை இது. ஊரிலிருந்து திரும்பி வந்த கிழமையே விண்ணப்பம், அடுத்த பயணத்துக்கு முன் அட்டை கையில். பலர் புறப்படுவதற்கு முந்தின கிழமைதான் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். உறவினரின் மரணம், கடும் நோய் போன்ற காரணத்தால் மூன்று மாதத்துக்குள் பயணம் செய்தாக வேண்டுமென்றால் பயணச்சீட்டும் காரணத்தின் ஆதாரமும் இணைத்து அவசரப் பரிசீலனை கேட்கலாம். கேட்கலாம், கிடைக்கும் என்று நம்பிச் சீட்டு வாங்கவேண்டாம்.

படம் 50 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம். கடவுச்சீட்டுக்கு எடுத்ததில் மிஞ்சியதை அனுப்பாதீர்கள். முகத்தின் அளவும் பின்புறத்தில் எழுதவேண்டிய விவரமும் உண்டு. படம் பிடிப்பவரிடம் "பி.ஆர். அட்டைக்கு" என்று சொல்லியே எடுங்கள்.

வதிவுக்கான ஆதாரமாக வரி மதிப்பீட்டு அறிவித்தல், சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, அரசுக் கொடுப்பனவுக் கடிதம் போன்றவற்றில் இரண்டு வகையாவது சேருங்கள். வயதானவர்களுக்குச் சம்பளச் சிட்டை இருக்காது. மருத்துவர் சந்திப்புகள், மருந்தகப் பதிவுகள் நல்ல மாற்று. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எதற்கும் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும். உறவினர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.

8. அட்டை முடிந்துவிட்டது, நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள்

செல்லுபடியான அட்டை இல்லாமல் விமான நிறுவனம் உங்களை ஏற்றாது. அப்போது வேண்டியது நிரந்தர வதிவாளர் பயண ஆவணம். படிவம் இதற்கும் ஐ.எம்.எம். 5444 தான், கட்டணம் 50 டொலர். இணையத்திலோ, கொழும்பு, சென்னை போன்ற இடங்களில் உள்ள விசா விண்ணப்ப நிலையம் வழியாகவோ போடலாம். பொதுவாக ஒருமுறை நுழைய மட்டும் தருவார்கள்.

நாள் போதுமானவர்களுக்கு இது தாமதம் மட்டுமே. நாள் குறைந்தவர்களுக்கு இது கத்தி முனை. விண்ணப்பித்த கணத்தில் அதிகாரி உங்கள் ஐந்து வருடத்தை முழுதாகப் பார்த்து எழுத்தில் தீர்ப்புச் சொல்வார். நிராகரித்தால் 60 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வதிவுரிமை முடிந்தது. மேன்முறையீடு செய்தவர் கடந்த 365 நாளில் ஒருமுறையாவது கனடாவில் இருந்திருந்தால் வருவதற்குப் பயண ஆவணம் பெறும் உரிமை உண்டு. இல்லையென்றால் வெளியே இருந்தபடியே காத்திருப்பு.

ஆகவே நாள் குறைந்தவர்களுக்கு என் ஒரே ஆலோசனை: அட்டை உயிரோடு இருக்கும்போதே கனடாவுக்கு வந்துவிடுங்கள். அமெரிக்க விசா உள்ளவர்கள் அங்கே இறங்கித் தனியார் வாகனத்தில் தரை எல்லைக்கு வரும் வழியும் இருக்கிறது. எல்லையில் நிரந்தர வதிவாளர் என்று நிறுவினால் உள்ளே வரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

9. நாள் குறைவென்றால்

முதலில், எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். அட்டை வேண்டாம், யாரையும் ஸ்பொன்சர் செய்யவேண்டாம், பயணம் வேண்டாம். விதியை மீறியதாக யாரும் அறிக்கை எழுதாத வரை நீங்கள் பி.ஆர். தான். இங்கேயே வேலை செய்துகொண்டு 730 நாள் முழுதாக இருந்துவிட்டால், சாளரம் நகர்ந்து கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

ஐந்தாம் பகுதியில் சொன்ன மனிதரையே எடுப்போம். அவர் 2025 செப்டெம்பர் 11 ஐத் தவறவிட்டு டிசெம்பர் 1 அன்று வந்தார் என்று வைத்துக்கொள்வோம். 81 நாள் குறைவு. யாரும் அறிக்கை எழுதவில்லை. அவர் எங்கும் போகாமல் இருந்தால் 2027 நவம்பர் 30 அன்று 730 நாள் சேர்ந்துவிடும். பழைய 22 நாள் அதற்குள் சாளரத்தை விட்டு விழுந்திருக்கும், கவலையில்லை. டிசெம்பரில் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இது குறுக்குவழி அல்ல, விதியின் கணக்கே இதுதான். இடையில் அட்டை காலாவதியாகி, சுகாதார அட்டை புதுப்பிப்பது போன்றவற்றில் அலைச்சல் வரலாம். பி.ஆர். ஆனபோது தந்த உறுதிப்பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அறிக்கை எழுதப்பட்ட பிறகு இந்த வழி மூடிவிடும். அதன்பின் இங்கே இருக்கும் நாட்கள் கணக்கில் ஏறாது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு, நாள் குறைவை மனிதாபிமான அடிப்படையில் மன்னிக்கும்படி கேட்கும் வழி இருக்கிறது. எத்தனை நாள் குறைவு, ஏன் போனீர்கள், ஏன் திரும்ப முடியவில்லை, முடிந்தவுடன் திரும்பினீர்களா, இங்கே யார் இருக்கிறார்கள், பிள்ளைகளின் நலன் என்ன ஆகும் என்று பார்ப்பார்கள். "அப்பா சுகவீனம்" என்ற ஒரு வரி போதாது. மருத்துவமனை அனுமதிக் குறிப்பு, சிகிச்சைத் திகதிகள், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதன் விளக்கம், மரணச் சான்று வேண்டும். ஊரில் நிற்கும்போதே இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய கடிதம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவருக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் உரிமம் பெற்ற ஆலோசகர் அல்லது சட்டத்தரணிக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒரு முகவர் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் "இரண்டு பயணத்தை விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது" என்றாராம். பொய்த்தகவல் என்று நிறுவப்பட்டால் வதிவுரிமை போவதுடன் ஐந்து வருடம் கனடாவுக்கு வரத் தடை. நாள் குறைவுக்கு மன்னிப்பு கேட்க இடமிருக்கிறது. பொய்க்கு அந்த இடம் மிகக் குறுகியது.

10. விமான நிலையத்தில் கேள்வி கேட்டால்

எத்தனை காலம் வெளியே இருந்தீர்கள் என்று கேட்டால் பட்டியலைப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். மொழி சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தெரியாத ஆங்கிலத்தில் தலையாட்டி மாட்டியவர்கள் உண்டு. காரணங்களின் ஆதாரங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

அதிகாரி அறிக்கை எழுதி, வெளியேறும் ஆணை பிறப்பித்தாலும் அன்றே உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை நீங்கள் பி.ஆர். ஆகவே இங்கே இருப்பீர்கள், ஒரு வருட அட்டைகூடக் கிடைக்கும். அந்த 30 நாளைத் தவறவிடுவதுதான் உண்மையான இழப்பு.

வதிவுரிமையைத் தானாகக் கைவிடும் படிவம் ஒன்று உண்டு. களைப்பிலும் பயத்திலும் அதில் கையெழுத்திடாதீர்கள். அதற்கு மேன்முறையீடு இல்லை. அதே சமயம், இங்கே வாழ விருப்பமே இல்லாமல் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மட்டும் வரும் முதியவர்களுக்கு, வீட்டில் ஆற அமர யோசித்து அந்தப் படிவத்தைப் போட்டுவிட்டு, ஒருமுறை வந்தால் ஐந்து வருடம்வரை நிற்கக்கூடிய சுப்பர் விசா எடுப்பது நிம்மதியாக இருக்கலாம். நாளுக்காகக் குளிரில் அடைபட்டுக் கிடக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

11. வேறு கணக்குகளுடன் கலக்காதீர்கள்

குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள். குடிமகனான துணையுடன் வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள் 730 க்கு உதவும், 1,095 க்குப் பொதுவாக உதவாது. ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதிக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்தில் இருக்கவேண்டும். 730 சரியாக இருந்தும், ஒரு வருடம் தொடர்ந்து ஊரில் நின்றதால் சுகாதார அட்டையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் மூன்று தனிப் பக்கம்.

12. அட்டை வந்த அன்று

பெயரின் எழுத்துகளையும் பிறந்த திகதியையும் அட்டையைக் கையில் வாங்கியவுடன் பாருங்கள். நம் பெயர்களில் முன்னும் பின்னும் மாறுவது சாதாரணம். பிழையிருந்தால் பயணத்துக்கு முன் திருத்துங்கள்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் பி.ஆர். ஆன திகதியை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் நான்கு நிரல். அம்மாவின் கொப்பி அவர் கடவுச்சீட்டோடு ஒரே உறையில் இருக்கிறது. விமானத்தில் ஏறி அமர்ந்ததும் புறப்பட்ட திகதி, ரொறன்ரோவில் பெட்டி வரும்வரை நிற்கும்போது வந்த திகதி. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துத்தான் எழுதுவார். அடுத்த ஐந்து வருடத்துக்கான விண்ணப்பத்தின் பாதி அப்படியே எழுதி முடிந்துவிடுகிறது.